கணவன் மனைவி சேர்ந்து வீட்டுச் செலவைக் குறைத்துக் கடனை அடைப்பது எப்படி

செலவைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் தனி ஆளுக்குச் சொல்லப்பட்டவை. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் கணக்கே வேறு. ஒருவர் கையை இறுக்கினால் இன்னொருவருக்கு மூச்சு முட்டும். ஒருவர் மிச்சம் பிடித்ததை இன்னொருவர் தெரியாமலே செலவழித்துவிடுவார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கடன் அப்படியே இருக்கும், பேச்சுவார்த்தை மட்டும் குறைந்திருக்கும்.

முதல்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், இருவருக்கும் களைப்பில்லாத ஒரு நாள் போதும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: செலவைக் குறைத்ததால் மட்டும் கடன் அடையாது. குறைத்த பணம் வங்கிக் கணக்கில் சும்மா கிடந்தால் வேறொரு செலவு வந்து அதைத் தின்றுவிடும். எதைக் குறைத்தாலும் அந்தத் தொகை எந்தக் கடனுக்குப் போகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: எல்லாக் கடனும் ஒரே தாளில்

எல்லாக் கடனும் என்றால் நிஜமாகவே எல்லாம். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு நிலுவை, தவணையில் வாங்கிய பொருட்கள், அடகு, அலுவலகத்தில் வாங்கிய முன்பணம், நண்பரிடம் வாங்கிய கைமாத்து, வேறொருவருக்காக நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதமுள்ள அசல், ஆண்டு வட்டி, மாதத் தவணை, இன்னும் எத்தனை மாதம், முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று எழுதுங்கள்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் ஒரு ரகசியம் வெளியே வரும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிய கடன் ஒன்று இருக்கும். அதனால் இந்த முதல் உட்காரலுக்கு ஒரே ஒரு விதி போதும்: அன்றைக்கு "ஏன் வாங்கினாய்?" என்ற கேள்வி கிடையாது, "எவ்வளவு, எத்தனை வட்டி?" என்பது மட்டும்தான். ஏன் என்பதைப் பின்னால் பேசிக்கொள்ளலாம், பேசவும் வேண்டும். ஆனால் அன்றே பேசினால் அடுத்த ரகசியம் தாளுக்கு வராது.

வட்டியை எழுதும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, மாத வட்டி. "மாதம் 2 சதவீதம்தான்" என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24 சதவீதம். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து குட்டி போட்டால் 26.8 சதவீதம். மாதம் 3 சதவீதம் என்றால் அதே கணக்கில் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொன்று, ஃப்ளாட் வட்டி. நீங்கள் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவது இது. 3 ஆண்டுக் கடனுக்கு 12 சதவீத ஃப்ளாட் வட்டி என்றால், குறையும் அசலுக்கு மட்டும் போடும் வட்டி முறையில் அது சுமார் 21 சதவீதத்துக்குச் சமம். இந்த இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எது விலை அதிகமான கடன் என்பதே தப்பாகிவிடும். சந்தேகமாக இருந்தால் கடன் கொடுத்தவரிடம் "குறையும் அசலுக்கு இது எத்தனை சதவீதம்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாம் படி: மூன்று மாதச் செலவு

மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், இரண்டுமே நிஜத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே ஞாபகத்தை நம்பாமல் வங்கிக் கணக்கு விவரம், கார்டு பில், மொபைலில் அனுப்பிய பணம் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு எடுங்கள். ஒரு மாதம் போதாது. எந்த ஒரு மாதத்தைப் பார்த்தாலும் "அந்த மாதம் கொஞ்சம் ஸ்பெஷல்" என்று சொல்ல ஏதாவது இருக்கும்.

வகைகள் அதிகம் வேண்டாம். வீடு, சாப்பாடு, பயணம், பிள்ளைகள், மருத்துவம், கடன் தவணை, மற்றவை என்று ஏழு போதும். முப்பது வகை போட்டுத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரமே விட்டுவிடுவார்கள். ரொக்கமாக எடுத்த பணம் எங்கே போனது என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி பெரியதாக இருந்தால் அதுவே ஒரு செய்தி.

அப்புறம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள். இன்ஷூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், விசேஷங்கள், சொந்த ஊர்ப் பயணம். இவை மூன்று மாதக் கணக்கில் சிக்காமல் போகலாம். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதச் செலவாகவே எழுதி, தனியாக எடுத்து வையுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் திட்டம் திடீரென்று கார்டைத் தேய்க்க வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "எதிர்பாராத செலவு" என்று நாம் சொல்வதில் பாதி, தேதி குறித்துவிட்டு வருகிற செலவு.

மூன்றாம் படி: எங்கே வெட்டுவது

பலரும் தினசரிச் சில்லறைச் செலவில் கை வைத்துத் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில்லறைச் செலவைக் குறைக்க தினமும் மனதோடு போராட வேண்டும், கிடைப்பதோ கொஞ்சம். ஒருமுறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாக மிச்சமாகும் செலவுகளை முதலில் பாருங்கள்.

வாடகை, வாகனம், இன்ஷூரன்ஸ், போன், இணையம், சந்தாக்கள் ஆகியவை அந்த வகை. இரண்டு வாகனம் இருக்கும் வீட்டில் ஒன்று வாரத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறதா? அதன் தவணை, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். விற்றால் வரும் பணம் ஒருபக்கம், மாதாமாதம் நிற்கும் செலவு இன்னொருபக்கம். வாடகை ஒப்பந்தம் முடியும் நேரமென்றால் சின்ன வீட்டுக்கு மாறுவதையும் பேசலாம். ஆனால் இடம் மாறும் செலவும் புதிய பயணச் செலவும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அது லாபமா என்று தெரியும். சந்தாக்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. வங்கிக் கணக்கில் தானாகக் கழிபவை அனைத்தையும் பட்டியல் போட்டு, கடந்த ஒரு மாதத்தில் இருவரில் யாருமே பயன்படுத்தாததை அன்றே நிறுத்துங்கள். இருவரும் தனித்தனியாக ஒரே சேவைக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பதும் அப்போது தெரியவரும்.

இதற்கு அடுத்தது சாப்பாடும் மின்சாரமும். சாப்பாட்டில் விலை குறைந்த பொருளைத் தேடி அலைவதைவிட, வாங்கிக் கெட்டுப்போய்க் கொட்டுவதை நிறுத்துவதும், சமைக்க முடியாத நாளில் வெளியே வாங்குவதைக் குறைப்பதும்தான் பலன் தரும். வெளியே வாங்குவது சோம்பலால் என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். இருவரும் களைத்துத் திரும்பும் நாள் எது என்று பார்த்தால் வாரத்தில் அநேகமாக அதே நாட்கள்தான் இருக்கும். அந்த நாட்களுக்கு முந்தின நாளே ஏதாவது தயார் செய்து வைப்பதுதான் வழி, அந்த வேலையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தில் சூடாக்குவதும் குளிரூட்டுவதும்தான் பெரிய செலவாளிகள். தண்ணீர் சூடாக்கும் நேரத்தையும் ஏசியின் வெப்பநிலை அளவையும் மாற்றாமல், பல்பை அணைத்துவிட்டாயா என்று ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருப்பதில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

தொடக்கூடாத செலவுகளும் சில உண்டு. மருந்து, மருத்துவ இன்ஷூரன்ஸ், வருமானத்தை நம்பி இருப்பவர்களுக்கான ஆயுள் இன்ஷூரன்ஸ், தள்ளிப்போட்டால் பெரிதாகும் பழுதுகள். பல்வலியைப் பொறுத்துக்கொண்டு மிச்சம் பிடித்த பணத்தைப் பல் மருத்துவர் பிறகு மொத்தமாக வாங்கிக்கொள்வார். கட்டாயத் தவணைகளும் இதே பட்டியலில்தான். ஒரு தவணை தவறினாலே அபராதம் விழும், நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண்ணும் அடிபடும்.

வெட்டும்போது தம்பதிகளுக்கு நான் சொல்லும் ஒரே முறை: அவரவர் செலவில் அவரவர்தான் முதலில் கை வைக்க வேண்டும். கணவர் மனைவியின் செலவைச் சுட்டிக்காட்டவும் கூடாது, மனைவி கணவரின் செலவைச் சுட்டிக்காட்டவும் கூடாது. ஆளுக்கு ஒரு தாளில் தன் பக்கத்திலிருந்து தான் குறைக்கக்கூடியதை எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர் வெட்டச் சொல்வதைவிட, தானாக வெட்டும்போது ஆட்கள் தாராளமாகவே வெட்டுவார்கள்.

நான்காம் படி: யார் எவ்வளவு போடுவது, யார் கையில் எவ்வளவு

இருவருக்கும் வருமானம் இருந்து, பணத்தைத் தனித்தனியாக வைத்திருப்பவர்கள் என்றால் பாதிக்குப் பாதி போடுவது நியாயம் மாதிரித் தெரியும். வருமானத்தில் வித்தியாசம் இருந்தால் அது நியாயமாகாது. ஒருவருக்கு 60,000, இன்னொருவருக்கு 40,000, வீட்டுச் செலவும் கடனும் சேர்த்து 70,000 என்று வையுங்கள். பாதிக்குப் பாதி என்றால் ஒருவர் கையில் 25,000 நிற்கும், மற்றவர் கையில் 5,000. வருமான விகிதப்படி 42,000, 28,000 என்று போட்டால் முறையே 18,000, 12,000 நிற்கும். மொத்தத்தையும் ஒரே கணக்கில் போட்டு எடுக்கும் வீடுகளில் இந்தப் பேச்சே தேவையில்லை, அது இன்னும் சுலபம்.

எந்த முறையாக இருந்தாலும், ஒவ்வொருவருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு தொகை மாதாமாதம் இருக்க வேண்டும். சின்னத் தொகைதான், ஆனால் இருவருக்கும் ஒரே அளவு. ஒருவர் மட்டும் சம்பாதித்து மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தில் இது இன்னும் முக்கியம். வீட்டைப் பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் கேட்டு வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டால் அந்தத் திட்டம் ரொம்ப நாள் நிற்காது. கடன் இருக்கும்போது இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை. ஒளித்து வாங்கும் பழக்கத்துக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

இதோடு ஒரு வரம்பும் வையுங்கள். இவ்வளவுக்கு மேல் போகும் எந்தச் செலவையும் மற்றவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் செய்வது என்று. இரண்டு நாளில் பாதி ஆசைகள் தாமாகவே ஆறிவிடும்.

ஐந்தாம் படி: கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு அடைக்கத் தொடங்குங்கள்

கையில் ஒரு காசும் வைக்காமல் எல்லாவற்றையும் கடனுக்குக் கட்டினால், முதல் அவசரத்திலேயே மறுபடியும் கடன் வாங்க வேண்டிவரும். ஒரு மாத அத்தியாவசியச் செலவு அளவுக்காவது முதலில் சேருங்கள். வருமானம் நிச்சயமில்லாதவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அது சேர்ந்த பிறகு முழு வேகத்தையும் கடன் பக்கம் திருப்பலாம்.

எதை முதலில் அடைப்பது? எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் ஒரே கடனில் குவிக்க வேண்டும். நாலு கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் எதுவும் முடியாது. வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்தால் மொத்தத்தில் கட்டும் வட்டி குறையும். மிகச் சின்னக் கடனை முதலில் அடைத்தால் ஒரு பெயர் சீக்கிரம் தாளிலிருந்து அடிபடும், மனதுக்குத் தெம்பு வரும். கணக்கு முதல் முறையின் பக்கம்தான். ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் முடியக்கூடிய சின்னக் கடன் ஒன்று இருந்தால் அதை முடித்துவிட்டு அதிக வட்டிக்குப் போவதில் பெரிய நஷ்டம் இல்லை. உறவினரிடம் வாங்கிய கைமாத்துக்கு வட்டி இருக்காது, ஆனால் கொடுத்தவர் முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதை வரிசையில் எங்கே வைப்பது என்று நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். எப்போது தருவீர்கள் என்பதையாவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கிரெடிட் கார்டு நிலுவை இருப்பவர்கள் இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். நிலுவை 1,00,000. வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சம் கட்ட வேண்டியது நிலுவையில் 5 சதவீதம். புதிதாக எதுவும் வாங்கவில்லை. முதல் மாதம் வட்டி சேர்ந்து நிலுவை 1,03,000 ஆகும், அதில் 5 சதவீதமான 5,150 கட்டுகிறீர்கள். நிலுவை குறையக் குறைய அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறையும், நீங்களும் அதை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். 32 மாதம் கழித்துப் பார்த்தால் 1,20,000 வரை கட்டியிருப்பீர்கள். நிலுவையோ பாதிதான் குறைந்திருக்கும்.

இப்போது அதே 5,150-ஐ எந்த மாதமும் குறைக்காமல் கட்டுங்கள். 30 மாதத்தில் கடன் முடிந்துவிடும். செலவைக் குறைத்து இன்னும் 1,000 சேர்த்து 6,150 கட்டினால் 23 மாதம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளவு என்பது, அவர்கள் பில்லில் அச்சடித்து அனுப்பும் தொகையாக இருக்கவே கூடாது.

நிலுவை இருக்கும் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை, முழு பில்லையும் கட்டுகிறவர்களுக்குத்தான் பொதுவாக உண்டு. நிலுவை இருக்கும்போது புதிய பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நீண்ட காலக் கடனில், குறிப்பாக வீட்டுக் கடனில், ஆரம்ப வருடங்களில் கட்டுவது பெரும்பாலும் வட்டிதான். 20 ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் ஒவ்வொரு 1,00,000-க்கும் மாதத் தவணை சுமார் 900, முதல் மாதம் அதில் 750 வட்டி. இதில் கூடுதலாகக் கட்டுவதாக இருந்தால், அந்தத் தொகை அசலில் கழிய வேண்டும் என்றும், தவணைத் தொகை அப்படியே இருந்து காலம் குறைய வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். ஆனால் இதற்கு அவசரமில்லை. வட்டி அதிகமான கடன்கள் முடிந்த பிறகுதான் இதன் முறை.

சம்பளம் வந்த அன்றே

குறைத்த தொகை கடனுக்குப் போக ஒரே நம்பகமான வழி, சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுவது. மாதக் கடைசியில் மிஞ்சியதை அனுப்பலாம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாது. இரண்டு மாதம் கையால் அனுப்பிப் பாருங்கள், தொகை சரியாக வந்தால் தானியங்கியாக மாற்றிவிடுங்கள். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால் ஒரு குறைந்தபட்சத்தை மட்டும் தானியங்கியாக வைத்து, நல்ல மாதத்தில் வந்ததைப் பாதி கடனுக்கு, பாதி அடுத்த மந்தமான மாதத்துக்கு என்று பிரிக்கலாம். போனஸ், பழைய பொருள் விற்ற பணம் மாதிரி எதிர்பாராமல் வருவதற்கும் வருவதற்கு முன்பே பங்கு பேசிவிடுங்கள். கைக்கு வந்த பிறகு பேசினால் அது ஏலம் ஆகிவிடும்.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் இருவரும் உட்காருங்கள். மூன்று கேள்விகள் போதும்: எந்தக் கடன் எவ்வளவு குறைந்தது, எந்தச் செலவு வரம்பைத் தாண்டியது, அடுத்த மாதம் என்ன வருகிறது. ஒரு மாதம் தவறிப்போனால் அந்த மாதத்தை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடருங்கள். கணக்கு எழுதும் வேலையை மாற்றி மாற்றிச் செய்வது நல்லது. ஒருவரே எப்போதும் எழுதினால் அவர் போலீஸ், மற்றவர் குற்றவாளி என்று ஆகிவிடும்.

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்

"எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வட்டி குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1,00,000 கடனை 18 சதவீதத்தில் 2 ஆண்டில் அடைத்தால் மொத்த வட்டி 20,000-க்குச் சற்றுக் குறைவு. அதையே 14 சதவீதத்தில் 5 ஆண்டுக்கு மாற்றினால் மாதத் தவணை பாதிக்கும் கீழே இறங்கும், மொத்த வட்டியோ 40,000-ஐ நெருங்கும். வட்டி விகிதம் குறைந்தது, கட்டும் வட்டி இரட்டிப்பானது. புதுக் கடனில் வட்டியும் குறைந்து காலமும் நீளாமல் இருந்தால் மாற்றலாம், புதுக் கடன் கொடுக்க வசூலிக்கும் செயலாக்கக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு காலியான கார்டு மறுபடியும் நிரம்பினால் இரண்டு கடனாகிவிடும் என்பதால், அந்தக் கார்டை மூடுவதா, வரம்பைக் குறைப்பதா என்று முன்பே பேசி வையுங்கள்.

தவணை கட்டவே முடியாத நிலை என்றால், தவறிய பிறகு ஓடி ஒளிவதைவிடத் தவறுவதற்கு முன் கடன் கொடுத்தவரிடம் பேசுவது மேல். காலத்தை நீட்டவோ சில மாதம் தள்ளிவைக்கவோ பலர் சம்மதிப்பார்கள். "இவ்வளவு கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம்" என்று குறைத்துத் தீர்ப்பதற்குச் சம்மதிக்கும் முன், உங்கள் கடன்களின் வரலாறு பதிவாகும் கடன் அறிக்கையில் அது முழுவதும் அடைத்ததாகப் பதிவாகுமா, குறைத்துத் தீர்த்ததாகப் பதிவாகுமா என்று கேளுங்கள். இரண்டாவது வகைப் பதிவு பின்னால் கடன் வாங்கும்போது குறுக்கே நிற்கக்கூடும்.

ஒரு கடன் முடிந்ததும்

சின்னதாக ஏதாவது கொண்டாடுங்கள், அதற்கும் கணக்கில் ஒரு தொகை போட்டு. அப்புறம் மூன்று வேலைகள். கடன் முடிந்தது என்பதற்குக் கடிதம் வாங்குங்கள். பிணையாகக் கொடுத்த பத்திரம், பொருள், காசோலை எதுவாக இருந்தாலும் திரும்ப வாங்கிச் சரிபாருங்கள். தானாகக் கழியும் உத்தரவை வங்கியில் ரத்து செய்யுங்கள்.

முடிந்த கடனின் தவணைத் தொகை அடுத்த மாதமே வரிசையில் அடுத்த கடனுக்குப் போக வேண்டும், ஒரு மாதம்கூட வீட்டுச் செலவில் கலக்க விடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, முடிந்த கடன் அதில் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகலை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.